கனவுப் படத்துக்கு ஆமா போட்டவர்

‘இல்லை’ என்ற சொல்லை வாயில் வைக்காமலே ஒரு மனிதன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, மகளையும் பெற்று ஆளாக்கிவிட முடியுமா என்று கேட்டால், முடியும். நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நாஞ்சில் நாட்டில் அவரைப் போல ஒருவர் இதற்கு முன் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால் அந்தக் குழந்தையின் முதல் அழுகையே ‘ஆமா’ என்றுதான் இருக்கும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது ரேஷன் அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் ஆமா அண்ணாச்சி.

தொழிலால் வந்த பெயர் அது. வில்லுப்பாட்டில் வில்லை முன்னால் போட்டு நடுவில் உட்காருகிறவர் புலவர். கதை அவருடையது. அவர் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்குகிற இடத்தில் பக்கத்தில் இருக்கிற ஒருவர் ‘ஆமா’ போட வேண்டும். போடாவிட்டால் கதை நகராது. அந்த ஆமாவைப் போடுகிறவர்தான் அண்ணாச்சி. அதே குழுவில் நான் குடம் அடித்தேன். கூச்சப்படுகிறவனுக்குக் குடத்தைப் போல வசதியான வாத்தியம் கிடையாது. தலையைக் குனிந்தபடியே காலத்தை ஓட்டிவிடலாம். பகலில் இரண்டு பேருக்கும் வடசேரிச் சந்தையில் வேலை. ஒரே வெங்காயக் கடையில் அவர் தராசுப் பக்கம், நான் மூட்டைப் பக்கம்.

அண்ணாச்சியின் ஆமாவில் பல தினுசு உண்டு. அம்மன் பிறக்கும்போது போடுகிற ஆமா குலவை மாதிரி மேலே ஏறும். சண்டையில் தலை உருளும்போது போடுகிற ஆமா கேட்கிறவரைத் தன் கழுத்தைத் தடவிப் பார்க்க வைக்கும். புலவர் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தால், ‘ஆமாமாமா’ என்று நீட்டிக் கடைசியில் ஒரு கொட்டாவியைச் சேர்ப்பார். புலவர் அவரை முறைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவுவார்.

வில்லை உறைக்குள் போட்ட பிறகும் ஆமா அடங்கியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அடங்காது.

ஒரு நாள் முடிவெட்டும் கடையில், “அண்ணாச்சி, மீசை நரைச்சிட்டுல்லா, எடுத்துரட்டா?” என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார்கள். “ஆமா” என்றிருக்கிறார். வழித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தவரை அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“ஆரு வேணும்?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றார்.

குரலை வைத்துத்தான் உள்ளே விட்டாள்.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வேலியோரத் தென்னை ஒன்றின் மேல் வழக்கு. அண்ணன்காரன் இவரிடம் வந்து, “இது எங்க அப்பன் எனக்குன்னு வச்ச மரம்லா?” என்று மூக்கைச் சிந்தினான். “ஆமா” என்றார். மறுநாள் தம்பி வந்து, “நான் தண்ணி ஊத்தி வளத்த மரம்லா?” என்றான். “ஆமா” என்றார். ஊர்க் கூட்டத்தில் இரண்டு பேருமே இவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

“வேய், ரெண்டு பேருக்கும் நீரு ஆமா சொன்னீரா?” என்று கேட்டார் ஊர்த்தலைவர்.

“ஆமா.”

“அப்போ மரம் ரெண்டு பேருக்கும் உள்ளதா?”

“ஆமா.”

அதுவே தீர்ப்பாகிவிட்டது. இன்றைக்கும் அந்த மரத்தில் ஒரு குலை அண்ணனுக்கு, ஒரு குலை தம்பிக்கு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ஆமாவுக்குப் பெரிய சோதனையாக வந்தது ஒரு சினிமா. செல்போனிலேயே படம் பார்க்கிற காலம் வருவதற்குச் சற்று முன்னால் நடந்த கதை.

அண்ணாச்சியின் ஒரே மகள் ஜெயந்தி, நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு அம்மாள் அங்கே வந்து சில நாள் படுத்திருந்தார். பார்த்துக்கொள்ள வந்த மகன் பிரதீப், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்க இறங்க மகனுக்கு ஏறியது. ஜெயந்திக்கும் பிடித்துவிட்டது. அம்மாவுக்கும் சம்மதம். ஒத்துவராதவர் பையனின் அப்பா. அரசாங்க அலுவலகத்தில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று வெயில் அதிகம் என்று சொன்னால்கூட எழுத்தில் கொடு என்று கேட்கிற சுபாவம்.

“பொண்ணக் குறை சொல்லல,” என்றாராம். “ஆனா அவளுக்க அப்பன் அடுத்தவன் சொல்லுகதுக்கெல்லாம் ஆமா போடுகவன். சுயமா ஒரு வார்த்தை உண்டுமா அந்த ஆளுக்கு? அப்படி ஒருத்தன நான் எப்படி சம்மந்தின்னு சொல்லுகது?”

அண்ணாச்சி சுயமாக ஒரு கருத்துச் சொன்னார் என்று அப்பாவிடம் போய்ச் சொல்ல பிரதீப் ஒரு வழி கண்டுபிடித்தான். நாகர்கோவிலில் அப்போது ஓர் இங்கிலீஷ் படம் தமிழில் பேசி ஓடிக்கொண்டிருந்தது. கனவைப் பற்றிய விஞ்ஞானப் படம். அண்ணாச்சியை அதற்குக் கூட்டிக்கொண்டு போனான். தனியாகப் போகப் பயந்து அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டார்.

கதை இதுதான். ஒரு விஞ்ஞானியின் மனைவி தூங்கிவிடுகிறாள். எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. அவன் வயர் வைத்த ஒரு தொப்பியைக் கண்டுபிடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு, அவளை மீட்டுவர அவள் கனவுக்குள் இறங்குகிறான். அங்கே ஒரு வீடு. களைப்பில் அந்த வீட்டில் படுத்து அவனும் தூங்கிப்போகிறான். அவனுக்கு ஒரு கனவு வருகிறது. அந்தக் கனவில் மனைவி ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள். இதற்குமேல் நான் சொன்னால் எனக்குத் தலை சுற்றும். கடைசிக் காட்சியில் இருட்டு அறை, ஒரு கட்டில். யாரோ விழித்து, பக்கத்து மேஜையில் மூக்குக்கண்ணாடியைத் தடவுகிறார்கள். கை மட்டும்தான் தெரியும். புருஷனும் கண்ணாடி போட்டவன், பெண்டாட்டியும் போட்டவள். யார் கை என்று காட்டாமலே படத்தை முடித்துவிட்டார்கள்.

இந்தப் படத்தில் பாதி நேரம் விஞ்ஞானி தனக்குத்தானே பேசுவான். ஒரு வரி பேசுவான், நிறுத்துவான், இன்னொரு வரி பேசுவான். வில்லுப்பாட்டுக்காரன் காதுக்கு அந்த இடைவெளி என்னவாகக் கேட்கும்?

“என் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறாள்,” என்றான் விஞ்ஞானி.

“ஆமா!” என்றார் அண்ணாச்சி.

தியேட்டர் திரும்பிப் பார்த்தது. நான் இருட்டில் குடத்தைத் தேடினேன்.

“நான் இப்போது அவள் கனவுக்குள் நிற்கிறேன்.”

“ஆமா!”

“இல்லை... இது கனவில்லை. இதுதான் நிஜம்.”

“ஆமாமா!”

“இதுவும் கனவுதானோ?”

“ஆமா...” இது சோகத்துக்குப் போடுகிற ஆமா.

பின்வரிசையிலிருந்து ஒருவன் பொறுக்க முடியாமல் எழுந்தான். “ஓய், கனவுக்கும் ஆமாங்கேரு, நிஜத்துக்கும் ஆமாங்கேரு. ஏதாவது ஒண்ணுல நில்லும் வேய்! நாங்களே கிறங்கிப்போய் கெடக்கோம்.”

“விடுலே மக்கா,” என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன். “அவரு ஆமா போட்டாத்தான் எனக்குக் கொஞ்சம் மனசிலாகுது.”

இடைவேளைக்குப் பிறகு பாதித் தியேட்டர் சேர்ந்து ஆமா போட்டது.

வெளியே வந்து டீக்கடையில் பிரதீப் ஆவலாகக் கேட்டான். “மாமா, படம் புரிஞ்சுதா?”

“ஆமா.”

“கடைசில அவன் முழிச்சிட்டானா?”

“ஆமா.”

“அப்போ... இன்னும் கனவுலதான் இருக்கானா?”

“ஆமா.”

பையன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். பிறகு என்னைப் பார்த்து, “ரெண்டும்தான்! அப்படித்தான் இருக்கணும்! நெட்டுல ஒலகம் பூரா இதுக்கு அடிச்சிட்டு கெடக்கான். மாமா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு பாத்தியளா?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. டீயை வாயில் ஊற்றி அடக்கினேன்.

வீட்டுக்குப் போய் அவன் அப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னான். ஹெட்கிளார்க் சார் முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி,” என்றாராம். “வாற ஞாயித்துக்கிழமை நான் அங்க வாறேன். அந்தப் படத்தை அவரு வாயாலயே எனக்குச் சொல்லட்டும். சொல்லிட்டாருன்னா கல்யாணத்தைப் பேசுவோம். சொல்லலேன்னா இந்தப் பேச்சு அன்னைக்கே முடிஞ்சு போச்சு.”

செய்தி வந்ததும் ஜெயந்திக்கு முகம் வாடிவிட்டது. அப்பாவை எதிரில் உட்கார வைத்தாள்.

“யப்பா, உள்ளதைச் சொல்லணும். படம் மனசிலாச்சா?”

“ஆமா.”

“எனக்காக ஒரே ஒரு தடவை இல்லன்னு சொல்லுங்கப்பா. இல்லன்னாத்தானே ஏதாவது வழி பாக்க முடியும்?”

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். அந்தப் பிள்ளை கேட்டு அவர் எதையும் கொடுக்காமல் இருந்ததில்லை. வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. கடைசியில் தலையை இரண்டு பக்கமும் பலமாக ஆட்டிக்கொண்டே, “ஆமா” என்றார்.

ஜெயந்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

நான் புலவரிடம் ஓடினேன். புலவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “இதுல என்னவே இருக்கு?” என்றார். “எந்தக் கதையும் கயிலாசத்துலதான் தொடங்கும். அந்தப் பொண்ணு போன பிறவியில ஒரு முனிவரைத் தூக்கத்துல எழுப்பியிருக்கா. அவரு சாபம் குடுத்துட்டாரு. விஞ்ஞானி வாறதெல்லாம் கிளைக்கதை. நான் சொல்லித் தாறேன், அண்ணாச்சி அப்படியே திருப்பிச் சொன்னாப் போதும்.”

கடை மூடிய பிறகு சாயங்காலம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் பயிற்சி.

“சொல்லும். ஊருல ஒரு விஞ்ஞானி இருந்தான்.”

“ஆமா.”

“ஆமா இல்லவே. அதத் திருப்பிச் சொல்லும். ஊருல ஒரு விஞ்ஞானி இருந்தான்.”

“ஆமாமா.”

“நான் சொல்லுகதை நீரு சொல்லணும், மனசிலாச்சா?”

“ஆமா.”

“அப்போ சொல்லும்.”

“ஆமா.”

புலவர் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் அடித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணாச்சி ஒரு வரிகூடத் தேறவில்லை. புலவருக்கு மட்டும் கதை கயிலாசத்திலிருந்து கடைசிவரை மனப்பாடமாகிவிட்டது.

ஞாயிறு காலையில் அவர்கள் வந்தார்கள். ஹெட்கிளார்க் சார் சட்டைப்பையில் பேனாவோடு நடுநாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி, பிறகு பிரதீப். அக்கா முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வறுவலும் கொண்டுவந்து வைத்தாள். ஜெயந்தி அடுக்களை வாசலில் நின்றாள். புலவரும் நானும் சுவரோரம் பாயில் இருந்தோம்.

“ம், சொல்லும்,” என்றார் சார்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். வேட்டியைச் சரிசெய்தார். வறுவல் தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கோழி கொக்கரித்து முடித்துவிட்டது. அதற்குக்கூட அன்றைக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

“கயிலாசத்திலே...” என்று புலவர் மெதுவாக எடுத்துக்கொடுத்தார்.

“நீரு சும்மா இரும்,” என்றார் சார்.

வாசலில் ஜெயந்தி சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிரதீப் தரையைப் பார்த்தான். சார் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். “எனக்கு அப்பமே தெரியும். எதுக்கும் நான் ரெண்டு தடவை அந்தப் படத்தப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன், இவரு ஏதாவது புளுகினா பிடிக்கணும்னு. இவருக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு விஞ்ஞானி. அவன் பெண்டாட்டி தூங்கிட்டா...”

“ஆமா,” என்றார் அண்ணாச்சி.

அது அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் முதல் வரிக்குப் போடுகிற ஆமா. வாசல் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வாரும் என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

சார் பாதி எழுந்தபடி நின்றார். எதையோ கேட்ட மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். “எழுப்பிப் பாத்தான். எந்திக்கல,” என்றார்.

“ஆமா...”

“ஒரு தொப்பியக் கண்டுபிடிச்சான்.”

“ஆமாமா!”

“தொப்பி பூரா வயரு!”

“ஆமா, ஆமா!”

சார் உட்காரவில்லை, போகவும் இல்லை. அறைக்கு நடுவில் வந்துவிட்டார். தொப்பியை மாட்டுவதைக் கையால் காட்டினார். கனவுக்குள் இறங்குவதற்குக் குனிந்து ஒரு படி இறங்கினார். ஒவ்வொரு வரிக்கும் ஆமா வந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தது. கனவுக்குள் கனவு வரும் இடத்தில் குழம்பி நின்றபோது, அண்ணாச்சி ஓர் ஆமாவை இழுத்துப் போட்டு அவர் மூச்சு வாங்க நேரம் கொடுத்தார். என் கை என்னை அறியாமல் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தில் தட்டத் தொடங்கியது. புலவர் இரண்டு டம்ளரை எடுத்துத் தாளம் போட்டார். எதிர்வீட்டு ஆட்கள் ஜன்னலில் வந்து நின்றார்கள்.

கதை கடைசிக் காட்சிக்கு வந்தது.

“இருட்டு. கட்டில். ஒரு கை கண்ணாடியத் தேடுகு,” என்றார் சார். குரல் இறங்கிவிட்டது. “ஆருக்க கை?”

“ஆமா...” என்றார் அண்ணாச்சி, மிக மெதுவாக. அவசரம் ஒன்றும் இல்லை, நீர் யோசித்தே சொல்லும் என்று அதற்கு அர்த்தம்.

சார் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். “அவ தூங்கவே இல்லவே. தூங்கினது அவன். அவதான் முழிச்சிருந்து அவனத் தேடித் தேடி வந்திருக்கா. அவ தூங்குகான்னு அவன் சொன்னத நாமளும் நம்பி இருந்திருக்கோம்.”

“ஆமா,” என்றார் அண்ணாச்சி.

சாரின் மனைவி ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டே சொன்னார். “கலியாணம் முடிஞ்ச நாளு முதலு நானும் எழுப்பிட்டுத்தான் கெடக்கேன்.”

முதலில் சிரித்தது அக்கா. பிறகு ஜன்னல். கடைசியில் சாரும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிரதீப்பு, நம்ம வீட்டுல நான் இவ்வளவு நேரம் பேசியிருக்கனா?”

“இல்லப்பா.”

“பேச விட்டிருக்கியளாடே? வாயத் தெறந்தா டிவி சத்தத்தைக் கூட்டுவிய.” அண்ணாச்சி பக்கம் திரும்பினார். “வேய் சம்மந்தி, ஆவணியில வச்சுக்கிடுவமா?”

ஜெயந்தி நிமிர்ந்தாள். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சியின் வாயைப் பார்த்தோம்.

வரவில்லை. அத்தனை காலம் கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் வாரி இறைத்த அந்த ஒரு சொல் அப்போது வரவில்லை. கண் இரண்டும் நிறைந்து நின்றார். பொறுத்துப் பார்த்த புலவர், ஆயுளில் முதல்முறையாகத் தன் கௌரவத்தைக் கீழே வைத்துவிட்டு, பாயிலிருந்தபடியே “ஆமா!” என்று கத்தினார்.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு காலையில் ஜெயந்தியையும் மாப்பிள்ளையையும் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட நாகர்கோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். குடித்தனம் அமைத்துக் கொடுக்க அக்காவும் கூடப் போனாள். ரயில் வளைவில் மறைந்த பிறகும் அண்ணாச்சி கையை இறக்கவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு வந்து வடசேரியில் பஸ் ஏற்றினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஊருக்குப் போனால் பூட்டிய வீடு. கண்டக்டர் கேட்டதற்குக்கூட அவர் வாய் திறக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் யாரிடமும் நான் பேசியதில்லை. ஆனால் அந்த மனிதரை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. நான் கண்ட ஒரு கனவைச் சொல்லத் தொடங்கினேன். சந்தையில் வெங்காய மூட்டைகள் எல்லாம் வரிசையாக நடந்து போய்த் தாங்களாகவே லாரியில் ஏறுகின்றன. முதலாளி அவற்றுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார். ஒரு மூட்டை மட்டும் ஏற மாட்டேன் என்று என் மடியில் உட்கார்ந்துகொள்கிறது.

அண்ணாச்சி மெல்லத் திரும்பி, “ஆமா” என்றார்.

கனவு அவ்வளவுதான். நான் நிறுத்தவில்லை. அந்த மூட்டைக்குக் கல்யாணம் பேசினேன், பெங்களூருக்கு அனுப்பினேன், தீபாவளிக்குத் திரும்பி வரவழைத்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்து விசிலும் அடித்தார். இறங்கினால் கதை நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. இறங்காமல், வட்டக்கோட்டைப் பக்கம் கடல் தெரிகிறவரை சொல்லிக்கொண்டே போனேன்.